ப்ராஜெக்ட் கடைசிப் பக்கத்தில் ‘கூகுள் டாட் காம்’ என்று எழுதலாமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் காரணம் பிள்ளைகளின் படிப்பு. அதில் தவறில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் செமினார் கட்டுரை, ப்ராஜெக்ட் அறிக்கை, ஆய்வேடு என எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் தயார் செய்கின்றனர். டைப் செய்வது, படம் சேர்ப்பது, பக்க எண் போடுவது ஆகியவை சில நாட்களில் பழகிவிடும். தடுமாற்றம் வருவது கடைசிப் பக்கத்தில்தான். துணைநூற்பட்டியல் என்ற தலைப்பில் நாலைந்து நூல்களின் பெயர்களை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ‘கூகுள் டாட் காம், யூடியூப் டாட் காம், விக்கிபீடியா’ என்று முடித்துவிடுகின்றனர். உறவினர், நண்பர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் காட்டும் அறிக்கைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன.

இது ‘கன்னிமாரா நூலகத்தில் படித்தேன்’ என்று எழுதுவதற்குச் சமம். எந்த நூல், எந்தப் பதிப்பு, எத்தனையாவது பக்கம் என்று எதுவும் தெரியாது. நூலை எப்படிக் குறிப்பிடுவது என்று ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்து விடுகின்றனர். ஆனால் இன்று மாணவர்கள் யூடியூப் வீடியோ, ட்வீட், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, கம்ப்யூட்டர் கேம், சாப்ட்வேர், சாட்ஜிபிடி பதில் என எங்கிருந்தெல்லாமோ தகவல் எடுக்கின்றனர். இவற்றை ஆய்வில் காட்டலாமா? காட்டலாம். அதற்கு முறை இருக்கிறது. அந்த முறையையும், வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் செய்திடும் வழிகளையும் இங்கு பார்க்கலாம்.

எதற்காக ஆதாரம் காட்டுகிறோம்?

நான் சாப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். ‘உங்கள் புரோகிராம் வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் நாங்கள் உடனே சில கேள்விகள் கேட்போம். எந்தப் பதிப்பு? எந்த விண்டோஸ்? எந்தப் பட்டனை அழுத்தியபோது வந்தது? என்றைக்கு? அவர் பார்த்ததை நாங்களும் எங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க முடிந்தால்தான் அடுத்த வேலை நடக்கும்.

ஆய்வில் ஆதாரம் காட்டுவதும் இதே வேலைதான். நீங்கள் பார்த்ததைப் படிப்பவரும் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னது சரியா என்று அவரே முடிவு செய்ய வேண்டும். அந்த வழியைக் காட்டாத குறிப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயன் இல்லை.

இதில் மதிப்பெண் மட்டுமல்ல, பட்டமும் அடங்கியுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018ல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளைக் கொண்டு வந்தது. அதன்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் ஒத்துப் போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 சதவீதம் வரை என்றால் திருத்தி மீண்டும் தர வேண்டும். அதற்கு அதிகபட்சம் 6 மாத காலம். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டைத் தருவதற்கு ஓராண்டு தடை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால், உரியவர் பெயரைச் சொல்லி முறையாக எடுத்தாண்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது என்று அதே விதிமுறை சொல்கிறது. எனவே, முறையாகக் குறிப்பிடத் தெரிந்திருப்பது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

நான்கு கேள்விகள் போதும்

உலகில் பல கல்லூரிகள் பின்பற்றும் குறிப்பு முறைகளில் இரண்டு பிரபலமானவை. ஒன்று, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறை. இதன் 7ஆம் பதிப்பு 2019ல் வந்தது. மற்றொன்று, மொழி, இலக்கியத் துறையினர் அதிகம் பயன்படுத்தும் எம்எல்ஏ முறை. இதன் 9ஆம் பதிப்பு 2021ல் வந்தது. உங்கள் கல்லூரி எந்த முறையைக் கேட்கிறது என்பதை முதலில் வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் நூலுக்கு ஒரு வடிவம், செய்தித்தாளுக்கு ஒரு வடிவம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இணையத்தில் நாளுக்கு ஒரு புது வகை வந்ததால் இது ஒத்து வரவில்லை. எம்எல்ஏ தன் 8ஆம் பதிப்பில், 2016ல், எல்லா வகைக்கும் பொருந்தும் பொது வரிசை ஒன்றைத் தந்தது. ஏபிஏ முறையும் நான்கு கேள்விகளில் அடங்கிவிடுகிறது.

1. யார்? - உருவாக்கியவர் அல்லது வெளியிட்டவர்.
2. எப்போது? - வெளியான தேதி.
3. என்ன? - தலைப்பும், அது என்ன வகை என்ற குறிப்பும்.
4. எங்கே? - எந்தத் தளத்தில், எந்த முகவரியில்.

இந்த நான்கிற்கும் விடை எழுதிவிட்டால் உலகில் எந்தப் பொருளையும் குறிப்பிடலாம். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

யூடியூப் வீடியோ

யூடியூப்பில் முதன்முதலில் ஏற்றப்பட்ட வீடியோ 19 வினாடிகள் ஓடக்கூடியது. அத்தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் ஏற்றியது. ஏபிஏ முறையில் அதை இப்படி எழுதலாம்.

கரீம், ஜே. [ஜாவேத்]. (2005, ஏப்ரல் 23). மீ அட் த ஜூ [வீடியோ]. யூடியூப்.

இதன் பின் வீடியோவின் முழு முகவரியைத் தர வேண்டும். யூடியூப்பின் முதல் பக்க முகவரி போதாது. சதுர அடைப்பில் இருக்கும் ஜாவேத் என்பது சேனலின் பெயர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஏபிஏ முறையில் ‘யார்’ என்ற கேள்விக்கு விடை, வீடியோவை ஏற்றியவர். பாடியவர் வேறு, ஏற்றியவர் வேறு என்றால், பாடியவர் பெயரைக் கட்டுரைக்குள் எழுதுங்கள்.

நூலுக்குப் பக்க எண் போல வீடியோவுக்கு நிமிடம், வினாடி. வீடியோ ஓடும்போது அதன் மீது ரைட் கிளிக் செய்தால், அந்த இடத்திலிருந்து தொடங்கும் முகவரியைக் காப்பி செய்திடும் வசதி கிடைக்கும்.

ட்வீட்

ட்விட்டர் தளத்தின் பெயர் 2023ல் எக்ஸ் என மாற்றப்பட்டது. ட்வீட்டுகளைக் குறிப்பிடும் முறையை எம்எல்ஏ 2012ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. ஏபிஏ முறையில் தலைப்புக்குப் பதிலாக ட்வீட்டின் முதல் 20 சொற்களைத் தர வேண்டும். இருப்பது இருந்தபடியே தர வேண்டும். 2006 மார்ச் 21 அன்று ஜாக் டார்சி எழுதிய முதல் ட்வீட்டில், ட்விட்டர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உயிரெழுத்துகளே இல்லை. அப்போது அந்தச் சேவையின் பெயரை அப்படித்தான் எழுதினர். ‘எழுத்துப் பிழை’ என்று நீங்கள் அதைத் திருத்திவிட்டால் தேடுபவருக்கு அது கிடைக்காது.

விக்கிபீடியா

விக்கிபீடியா கட்டுரையை யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் மாற்றலாம். நேற்று நீங்கள் படித்த வரி இன்று இல்லாமல் போகலாம். ஆனால் பழைய வடிவங்கள் எல்லாம் ‘வரலாறு’ பகுதியில் தேதி, நேரத்துடன் சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் படித்த வடிவத்தின் மேல் கிளிக் செய்தால் அதற்கென்று தனி முகவரி கிடைக்கும். அதையே குறிப்பிடுங்கள். பெரும்பாலும் கட்டுரையின் அடியில் இருக்கும் மூல நூல்களைத் தேடிப் படித்து, அவற்றைக் காட்டுவதே நல்லது. விக்கிபீடியாவும் இதையே வலியுறுத்துகிறது.

சாப்ட்வேர்

புள்ளிவிவரக் கணக்கை எஸ்பிஎஸ்எஸ் அல்லது ஆர் போன்ற சாப்ட்வேரில் போடும் மாணவர்கள், அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். பெயரோடு பதிப்பு எண்ணும் தேவை. காரணம் சொல்கிறேன். ஆர் புரோகிராமில், ஒரு பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் மாதிரிகளைத் தேர்வு செய்யும் கட்டளை உண்டு. 2019ல் வந்த 3.6.0 பதிப்பில் இந்தக் கட்டளை உள்ளே இயங்கும் முறையை மாற்றினர். அதனால் அதே கட்டளையை அதே தொடக்க எண்ணுடன் கொடுத்தாலும், பழைய பதிப்பில் ஒரு தேர்வும் புதிய பதிப்பில் வேறு தேர்வும் வரும். பதிப்பு எண் இல்லாவிட்டால் உங்கள் கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது.

ஆர் புரோகிராமில் ‘சைட்டேஷன்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அதுவே எழுதிக் காட்டும். கிட்ஹப் தளத்திலும் 2021 முதல் இதற்கான வசதி உண்டு. புரோகிராமை எழுதியவர் விவரங்களைத் தந்திருந்தால், அதன் பக்கத்திலேயே மேற்கோள் வடிவம் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் கேம் பற்றி எழுதுபவர்களுக்கும் இதே வழிதான். உருவாக்கிய நிறுவனம், ஆண்டு, பெயர், பதிப்பு, எந்தக் கருவியில் விளையாடியது என்று தர வேண்டும்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல்

ஒரு பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிப் பதில் பெற்றால் அதுவும் ஆதாரமே. ஆனால் படிப்பவரால் உங்கள் இன்பாக்ஸைத் திறந்து பார்க்க முடியாது. எனவே ஏபிஏ முறையில் இதைக் கடைசிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கட்டுரைக்குள் பெயர், ‘தனிப்பட்ட தகவல்’ என்ற குறிப்பு, தேதி ஆகியவற்றை மட்டும் தருவார்கள். வாட்ஸ்அப் உரையாடலும் அப்படியே. எழுதியவரின் அனுமதியைக் கேட்டுப் பெற்ற பின்னரே பயன்படுத்துங்கள். குடும்ப குரூப்பில் சித்தப்பா எழுதியது, உலகம் படிக்கும் ஆய்வேட்டில் வருவதை அவர் விரும்பாமல் இருக்கலாம்.

நேரில் பேட்டி

கிராமத்துக்குச் சென்று பாட்டிமார்களிடம் தாலாட்டு, ஒப்பாரி, மருத்துவக் குறிப்பு சேகரிக்கும் மாணவர்கள் பலர். இதற்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். நம் நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் ‘தகவலாளர் பட்டியல்’ என்று பின்னிணைப்பில் தருவது பழைய வழக்கம். பெயர், வயது, ஊர், தொழில், சேகரித்த நாள் என்று அதில் இருக்கும். அத்துடன், பதிவு செய்த ஆடியோ பைலின் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும். இங்கும் தகவலாளரின் ஒப்புதல் கட்டாயம்.

வெளிநாட்டினர் இதைத் தாமதமாகத்தான் கவனித்தனர். கனடாவில் 2021ல், பழங்குடி மூத்தோர் சொன்ன அறிவை வெறும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒதுக்காமல், நூலாசிரியருக்கு இணையாகப் பட்டியலில் சேர்க்கும் வடிவம் ஒன்றை லோரிசியா மெக்லியாட் என்ற நூலகர் வெளியிட்டார். பல நூலகங்கள் அதை ஏற்றுக் கொண்டுள்ளன.

எதற்குச் சாட்சி என்று பாருங்கள்

வடிவம் தெரிந்துவிட்டது என்பதற்காக எதை வேண்டுமானாலும் ஆதாரமாகக் காட்டிவிட முடியாது. காட்டும் முன், ‘இது எதற்குச் சாட்சி?’ என்று உங்களையே கேளுங்கள்.

நமது தேசிய கீதத்தை உலகின் சிறந்த தேசிய கீதம் என யுனெஸ்கோ அறிவித்தது என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். மின்னஞ்சல் காலத்தில் தொடங்கி வாட்ஸ்அப் வரை பல ஆண்டுகளாகச் சுற்றும் செய்தி இது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. தேசிய கீதம் பற்றி எழுதும் மாணவர் இந்தச் செய்தியை ஆதாரமாகக் காட்டினால் அது தவறு. ஆனால் ‘வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவும் விதம்’ என்று எழுதும் மாணவருக்கு இதே செய்தி முதல் தரமான ஆதாரம்.

ஒரு வீடியோவில் வைத்தியர் ஒருவர், ‘இந்த மூலிகை சர்க்கரை நோயைத் தீர்க்கும்’ என்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மூலிகை நோயைத் தீர்க்கும் என்பதற்கு அந்த வீடியோ சாட்சி இல்லை. அந்த வைத்தியர் அப்படிச் சொன்னார் என்பதற்கு மட்டுமே சாட்சி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், எந்த ஆதாரத்தை எங்கு வைக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி சொன்னதைக் காட்டலாமா?

இன்று அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஏபிஏ அமைப்பு 2023 ஏப்ரலில் இதற்கு வழி சொன்னது. அதன்படி உருவாக்கிய நிறுவனம் ஆசிரியர் இடத்தில் வரும்.

ஓப்பன்ஏஐ. (2023). சாட்ஜிபிடி (மார்ச் 14 பதிப்பு) [பெரு மொழி மாதிரி].

எம்எல்ஏ இதிலிருந்து மாறுபடுகிறது. சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியராகக் கருத வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்வியைத் தலைப்பின் இடத்தில் எழுதுங்கள் என்கிறது. நேச்சர் ஆய்விதழும் இத்தகைய சாப்ட்வேரை ஆசிரியராக ஏற்பதில்லை என்று 2023 ஜனவரியில் அறிவித்தது. சொன்னதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதே காரணம்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உள்ளது. நீங்கள் ஆதார நூல்களின் பட்டியல் கேட்டால், இல்லாத நூலையும் இருப்பது போல, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணுடன் அது எழுதித் தந்துவிடக்கூடும். அமெரிக்காவில் விமான நிறுவனம் ஒன்றின் மீது பயணி தொடுத்த வழக்கில், அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த பழைய தீர்ப்புகளை மனுவில் காட்டினர். நீதிபதி தேடிப் பார்த்தபோது அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்று தெரிய வந்தது. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது.

சோதிப்பது எளிது. இன்று பெரும்பாலான ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற அடையாள எண் உண்டு. 10 என்று தொடங்கும். 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பிரவுசரில் ‘டிஓஐ டாட் ஓஆர்ஜி’ என்று டைப் செய்து, சாய்கோடு போட்டு, அந்த எண்ணைச் சேர்த்து என்டர் தட்டவும். கட்டுரையின் பக்கம் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றாலோ, வேறு கட்டுரை வந்தாலோ அந்தக் குறிப்பைப் பயன்படுத்தாதீர்கள். திறந்தாலும் படித்துப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

முகவரி இருக்கும், பக்கம் இருக்காது

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2011ல் வீடியோ கேம் பற்றிய முக்கிய வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. அதில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தன் கருத்துரையின் அடிக்குறிப்பில் ஓர் இணையதள முகவரியைக் கொடுத்திருந்தார். பின்னாளில் அந்தத் தளம் மறைந்து போனது. யாரோ ஒருவர் அந்த முகவரியை வாங்கி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இணைய முகவரியைக் காட்டுவதைக் கேலி செய்து ஒரு செய்தியைப் போட்டுவிட்டார். தீர்ப்பைப் படித்துவிட்டு ஆதாரத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கேலிதான்.

இது ஏதோ ஒரு முறை நடந்த விபத்து அல்ல. ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைய முகவரிகளில் பாதி, முதலில் காட்டிய தகவலுக்குக் கொண்டு செல்லவில்லை என்று தெரிந்தது. அவர்கள் பார்த்த சட்ட ஆய்விதழ்களில் இது 70 சதவீதத்துக்கும் மேல். பியூ ஆய்வு மையம் 2024ல் தந்த கணக்குப்படி, 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம், பத்தாண்டுகள் கழித்துத் திறக்கவில்லை. நம்மில் பலர் பழகிய ஆர்குட் தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் எம்.ஏ. தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் ஒப்பாரிப் பாடல்கள் பற்றி ஆய்வேடு எழுதிக் கொண்டிருந்தார். அதில் ஒரு இயல் முழுவதும், வயதான பெண்மணி ஒருவர் பாடிய யூடியூப் வீடியோவை வைத்தே எழுதப்பட்டது. நேர்முகத் தேர்வுக்கு 12 நாட்கள் இருக்கும்போது பதற்றத்துடன் வந்தார்.

“அண்ணா, போன வாரம் வரைக்கும் ஓப்பன் ஆச்சு. இப்ப வீடியோ இல்லைன்னு வருது. அந்தப் பாட்டு வேற எங்கயும் இல்லண்ணா.”

“பிரவுசர்ல ஹிஸ்டரிய அழிச்சியாம்மா?”

“இல்லண்ணா.”

குரோம் பிரவுசர் சுமார் 90 நாட்களுக்கு நாம் பார்த்த பக்கங்களின் பட்டியலை வைத்திருக்கும். கண்ட்ரோல் + எச் அழுத்தித் தேடினோம். வீடியோவின் முழுத் தலைப்பும், அவர் பார்த்த தேதிகளும் கிடைத்தன. பாடலை அவர் நோட்டில் வரிக்கு வரி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து எழுதி வைத்திருந்தார். தலைப்பை வைத்து அந்தச் சேனலின் பக்கத்தைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. பாடிய பாட்டி இறந்துவிட்டார், குடும்பத்தார் கேட்டுக் கொண்டதால் வீடியோவை எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு, ஆய்வுக்கு மட்டும் என்று சொல்லி பைலை அனுப்பி வைத்தார்கள்.

ஆய்வேட்டில் அந்த மாணவி இப்படிக் குறிப்பு எழுதினார். வீடியோவின் தலைப்பு, சேனல், பார்த்த தேதி, ‘இப்போது பொதுவில் இல்லை, உரியவரின் அனுமதியுடன் பிரதி ஆய்வாளரிடம் உள்ளது’ என்ற குறிப்பு, சேனல்காரரின் மின்னஞ்சல் தேதி. வழிகாட்டி ஏற்றுக் கொண்டார். நோட்டில் நிமிடக் குறிப்பும், ஹிஸ்டரியில் தலைப்பும் இல்லாமல் இருந்திருந்தால், அந்த இயலையே எடுக்க வேண்டியதாகியிருக்கும்.

பார்த்த அன்றே சேமித்திடுங்கள்

இந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம் என்றால் கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். எல்லாம் இலவசம்.

1. டி டிரைவில் ‘ஆதாரங்கள்’ என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். டி டிரைவ் இல்லை என்றால் டாகுமெண்ட்ஸ் போல்டருக்குள் வைக்கலாம். ஒவ்வொரு பைலுக்கும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியில் தொடங்கிப் பெயர் கொடுங்கள். தேதி வரிசையில் தானாகவே அடுக்கப்படும்.

2. பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் + பி அழுத்துங்கள். பிரிண்டர் பெயர் வரும் இடத்தில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கம் அப்படியே உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் சேர்ந்துவிடும். ட்வீட் போன்ற சிறியவற்றுக்கு விண்டோஸ் கீ + ஷிப்ட் + எஸ் அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்திடலாம்.

3. ‘வெப் டாட் ஆர்க்கைவ் டாட் ஓஆர்ஜி’ தளத்திற்குச் செல்லுங்கள். இது, 1996ல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 2001ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வேபேக் மெஷின். ‘சேவ் பேஜ் நவ்’ என்ற கட்டத்தில் முகவரியை பேஸ்ட் செய்தால், அன்றைய வடிவத்தைச் சேமித்துத் தனி முகவரி தரும். அம்முகவரியின் நடுவில் 14 இலக்க எண் இருக்கும். 20250115093000 என்றால் 2025 ஜனவரி 15, காலை 9.30 மணி. இது உலகப் பொது நேரம். நமக்கு 5.30 மணி நேரம் கூட்டிக் கொள்ள வேண்டும். அதாவது பிற்பகல் 3 மணி.

4. வேபேக் மெஷினை மட்டும் நம்பாதீர்கள். லாக் இன் செய்து பார்க்கும் பக்கங்களை அதனால் சேமிக்க முடியாது. வீடியோ பெரும்பாலும் சேமிக்கப்படாது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே சில நாட்கள் முடங்கியது. உங்கள் டிஸ்க்கில் ஒரு பிரதி, இணையத்தில் ஒரு பிரதி என இரண்டும் வேண்டும்.

5. எக்செல்லில் ஒரு பட்டியல் போடுங்கள். யார், எப்போது, என்ன, எங்கே, நான் பார்த்த தேதி, எதற்குச் சாட்சி என ஆறு கட்டங்கள். படிக்கும்போதே நிரப்பினால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து தேடினால் இரண்டு நாள் போதாது.

வடிவம் போட்டுத் தரும் சாப்ட்வேர்

வேர்ட் தொகுப்பில் 2007 பதிப்பு முதல் ‘ரெபரென்சஸ்’ என்ற டேப்பில் இதற்கான வசதி உள்ளது. புதிய ஆதாரம் சேர்க்கும்போது வகை என்ற கட்டத்தைத் திறந்து பாருங்கள். பேட்டி, திரைப்படம், ஒலிப்பதிவு, வெப்சைட், நீதிமன்ற வழக்கு எனப் பல வகைகள் இருக்கும். அது பயன்படுத்தும் ஏபிஏ அல்லது எம்எல்ஏ பதிப்பு எண்ணையும் பார்த்து, கல்லூரி கேட்கும் பதிப்புதானா என்று உறுதி செய்திடுங்கள்.

ஜோட்டேரோ என்ற இலவச சாப்ட்வேர், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006ல் உருவானது. இதை பிரவுசருடன் இணைத்துக் கொண்டால், பார்க்கும் பக்கத்தின் விவரங்களையும் பிரதியையும் ஒரே கிளிக்கில் சேமித்துக் கொள்ளும். தேதி, பெயர் தவறாக வந்துள்ளதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். இந்த சாப்ட்வேர்கள் கடைசிப் பெயர் என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக் கொள்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சாமிநாதையர் என்பதை ‘கடைசிப் பெயர்’ கட்டத்திலும், உ.வே. என்பதை ‘முதல் பெயர்’ கட்டத்திலும் டைப் செய்திடுங்கள். ‘சாமிநாதையர், உ.வே.’ என்று சரியாக வரும். மாற்றிப் போட்டால் இனிஷியல் குடும்பப் பெயராகிவிடும். அகரவரிசையிலும் தவறான இடத்துக்குப் போய்விடும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இன்று சோத்கங்கா என்ற தளத்தில் ஏற்றப்படுகின்றன. நாளை நீங்கள் எழுதுவதை அங்கு யாரும் திறந்து படிக்கலாம். நீங்கள் காட்டிய வழியில் போய், நீங்கள் பார்த்ததையே அவர்களும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது ப்ராஜெக்ட் எழுதிக் கொண்டிருந்தால், அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள முகவரிகளை இன்றே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்கும் பக்கங்களை உடனே சேமித்துவிடுங்கள். திறக்காதவற்றுக்கு, ஹிஸ்டரியிலும் வேபேக் மெஷினிலும் இப்போதே தேடத் தொடங்குங்கள்.